கொள்ளைநோயை ஆண்கள் பார்த்த விதம், பெண்கள் பார்த்த விதம்: மருந்துக்கடையில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

ராமேஸ்வரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் படித்தவள். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்கு மீன்பிடிக்கப் போகிறவர். மருந்துக்கடைகளுக்கு ஊரடங்கில் விலக்கு இருந்ததால், 2020, 2021 இரண்டு வருடமும் ஊரே கதவைச் சாத்தியிருந்தபோதும் என் கடை ஷட்டர் பாதி ஏறியே இருந்தது. யார் எதை வாங்குகிறார்கள், யாருக்காக வாங்குகிறார்கள், காய்ச்சல் வந்து எத்தனையாவது நாளில் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்குத் தெரிந்துவிடும். அப்போதும் அதன் பிறகும் என்னிடம் வந்த கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கொரோனாதான் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு?

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. நோய் ஒழிந்தது என்று சொல்லவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், கடை வாசலில் இன்னும் ஓயாத ஒரு சண்டை. "பொம்பளைங்கதான் பயந்து செத்தீங்க" என்று ஒரு அண்ணன் ஆரம்பிப்பார். "ஆமா, பயந்தது நாங்க. செத்தது யாரு?" என்று ஒரு மதினி திருப்பிக் கேட்பார். இரண்டு பேர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது.

உண்மையிலேயே வித்தியாசம் இருந்ததா, நாமாகச் சொல்லிக்கொள்வதா?

இருந்தது. அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா என்று எட்டு நாடுகளில் 21,000 பேருக்கு மேல் கேட்டு, அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் அந்த அக்டோபரில் வெளியிட்டார்கள். "இது மிகக் கடுமையான உடல்நலப் பிரச்சினை" என்று மார்ச்சில் சொன்ன பெண்கள் நூற்றுக்கு 59 பேர். ஆண்கள் 49-க்கும் சற்றுக் குறைவு. ஏப்ரலில் இரண்டு பக்கமும் இறங்கி, பெண்கள் 40, ஆண்கள் 33 என்று வந்து நின்றது. கட்டுப்பாடுகளை ஒத்துக்கொள்வதிலும் கடைப்பிடிப்பதிலும் பெண்கள்தான் முன்னால் இருந்தார்கள்.

அந்த எட்டில் இந்தியா இல்லை. அதனால் எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு பாம்பன் பாலம் ஏறக் கூடாது. ஆனால் அதில் இரண்டு விஷயம் என் கண்ணில் பட்டது. முதலாவது, நூற்றுக்கு நாற்பது பெண்கள் அதைக் கடுமையாக நினைக்கவில்லை; ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நினைத்தார்கள். ஆகவே "எல்லா ஆம்பளையும் அசட்டை" என்று சொன்னால் அது தப்பு. இரண்டாவது, ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவிக்குள் இந்த இடைவெளி சுருங்கியிருந்தது. நோயைக் கிட்டத்தில் பார்த்தவர்களிடமும் அப்படித்தான். பிறவிக் குணம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததும் ஏன் சுருங்க வேண்டும்?

பெண்களுக்குப் பயந்த சுபாவம், கடலுக்குப் போகிறவனுக்குத் துணிச்சல். அதுதானே காரணம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். கேட்கும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

கடலுக்குப் போகிறவர் எச்சரிக்கையில்லாதவர் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் போதும், எத்தனையாம் எண் என்று ஐந்து வயதுப் பையன்கூடக் கேட்பான். கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கவில்லை என்றால் படகு அசையாது. கச்சான் காற்று ஏறுகிறது என்றால் பெரிய ஆள்கள் நங்கூரத்தை இரண்டாவது தடவை சரி பார்ப்பார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த கதை இன்னும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. இவர்களுக்கு ஆபத்தை மதிக்கத் தெரியும். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. மேகம் இருக்கும், காற்று இருக்கும், கூண்டு இருக்கும். காய்ச்சலுக்கு யாரும் கூண்டு ஏற்றவில்லை.

பெண்களுக்கு மட்டும் கிருமி கண்ணுக்குத் தெரிந்ததா? தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அடுத்து நடக்கப்போகிற வேலை. ஒருத்தர் படுத்தால் கஞ்சி வைப்பது யார், துணி துவைப்பது யார், கிழவியைக் கைத்தாங்கலாகக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போவது யார், ஒரே அறை வீட்டில் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது என்று மனசு முன்னாலேயே ஓடிவிடும். அதைப் பார்த்து வருகிற கவலையைத்தான் ஊரில் பயம் என்று சொல்கிறார்கள்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 2021 மே மாதம். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. வீட்டுக்காரர் முற்றத்தில் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் நெத்திலிக் கருவாடு வறுத்தேன். தெருமுனையில் வருகிறவனுக்கே மூக்கு விடைக்கும். இந்த மனுஷர் தலையைத் தூக்கி, "இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டார்.

கரண்டி கையில் இருக்க நான் அப்படியே நின்றேன். "வாசம் தெரியலையா?"

"ரெண்டு நாளாவே இல்ல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கடையைப் பூட்டுவ. தடைக்காலத்துல கடைக் காசுதான அடுப்பு எரியுது."

கோபத்தில் ஒரு நாள் பேசவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் அவர் கணக்கில் தப்பு இல்லை. அவர் வருமானத்தை வைத்து ஆபத்தை எடைபோட்டார், நான் வீட்டில் இருந்த மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்து எடைபோட்டேன். ஒரே வீடு, ஒரே நோய், தராசு மட்டும் வேறு.

அவரை முன்பக்கக் கொட்டகையில் ஒதுக்கினேன். பதினான்கு நாள் தட்டில் சாப்பாடு போனது. ஏழாவது நாள் எனக்கும் வந்தது. எனக்கு ஒதுங்க இடம் அடுப்படிதான். முகக்கவசம் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் சமைத்தபடியே தனிமைப்படுத்தப்பட்டிருந்தேன். இதில் என்ன தனிமை என்று நீங்களே சொல்லுங்கள்.

மருந்துக்கடையில் வித்தியாசம் தெரிந்ததா?

நன்றாகவே. பெண்கள் சோப்பும் முகக்கவசமும் கேட்டு வந்தார்கள். பாராசிட்டமால் ஒரு அட்டை கூடுதலாக வாங்கி வீட்டில் வைத்தார்கள். ஆண்கள் வந்தால் "இதுக்கு என்ன மாத்திரை?" என்ற கேள்விதான் முதலில் வரும். அதுவும் காய்ச்சல் கண்ட நான்காவது, ஐந்தாவது நாளில். யாரோ சொன்னார்கள் என்று அசித்ரோமைசின் கேட்டார்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். கபசுரக் குடிநீரை இரண்டு தரப்பும் குடித்தார்கள். ஆண்கள் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முடிந்தது வேலை என்று கிளம்பினார்கள்.

இது என் கடையின் விசித்திரம் என்று நினைத்திருந்தேன். கொரோனாவுக்கு முன்பே, 2016-ல், மூச்சுவழித் தொற்றுநோய்கள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வந்திருக்கிறது. கை கழுவுவது, முகக்கவசம், கூட்டத்தைத் தவிர்ப்பது போன்றவற்றைப் பெண்கள் செய்வதற்கான வாய்ப்பு ஆண்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் கூடுதல்; மருந்து, தடுப்பூசி என்றால் ஆண்கள் பக்கம் லேசாகச் சாய்கிறது. படித்தபோது என் கல்லாவை யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போய் எழுதியது போல் இருந்தது.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்காதது. காய்ச்சலை நம்பாத ஆண்கள், விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டரை அப்படியே நம்பினார்கள். அதில் எண் தெரிகிறதல்லவா! ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் பார்த்துப் பழகிய கண். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று சொன்னேன். "அப்ப 94 வந்தா கரைக்குத் திரும்பிரணும்" என்று ஒரு சம்மாட்டி அண்ணன், படகு முதலாளி, தன் ஆள்களுக்கு எடுத்துச் சொன்னார். நான் அரைமணி நேரம் பேசியதைவிட அந்த ஒரு வாக்கியம் நன்றாக வேலை செய்தது. என் வீட்டுக்காரர் கொட்டகையில் படுத்துக்கொண்டு மணிக்கு மூன்று தடவை எண்ணைக் கத்திச் சொல்வார், வானிலை அறிக்கை மாதிரி.

அதிகம் இறந்தது ஆண்களா? அசட்டைதான் காரணமா?

ஆண்கள்தான். 2020 டிசம்பர் கடைசியில் மத்திய சுகாதாரத் துறை சொன்ன கணக்குப்படி, நாட்டில் தொற்று கண்டவர்களில் 63 சதவீதம் ஆண்கள், இறந்தவர்களில் 70 சதவீதம் ஆண்கள். உலக அளவில் 31 லட்சம் நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், தொற்று இருபாலருக்கும் ஏறக்குறைய சமமாகத்தான் இருந்தது. ஆனால் ஆண்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு.

அசட்டையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, உடம்பும் காரணம். நோய் எதிர்ப்புச் சக்திக்கு வேண்டிய சில மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு. அதன்மேல் பழக்கம் வந்து சேர்கிறது: 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் புகையிலை பயன்படுத்திய ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 14. பிறகு, மருந்துக்கு வருகிற அந்த ஐந்தாவது நாள்.

63, 70 என்ற எண்களை முழுசாக நம்பிவிடவும் வேண்டாம். பரிசோதனைக்குப் போனால்தான் கணக்கில் பெயர் ஏறும். "எனக்கு என்ன, சளிதான்" என்று வீட்டிலேயே கிடந்து எழுந்த பெண்கள் என் தெருவிலேயே எத்தனை பேர்! அப்புறம், நோய் போனபின்னும் மாதக்கணக்கில் நீடிக்கிற அசதியும் மூச்சுத் திணறலும் பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. சாவுக் கணக்கில் அது வராது. என்னிடம் சத்து மாத்திரை கேட்டு வருகிறவர்கள் வரிசையில் வரும்.

எல்லாக் கொள்ளைநோயிலும் ஆண்கள்தான் அதிகம் இறந்தார்களா?

இல்லை. 1918 இன்ஃப்ளுயென்சா அந்த ஜூனில் பம்பாய் வழியாக நம் நாட்டுக்குள் வந்தது. கோடிக்கு மேல் உயிர் போனது. அமெரிக்கா போன்ற இடங்களில் ஆண்கள் அதிகம் இறந்தார்கள், இந்தியாவில் பெண்கள் அதிகம் இறந்தார்கள். பஞ்ச காலம். கடைசியாக, மிச்சம் இருந்தால் சாப்பிட்ட உடம்பு பெண்ணுடையது. படுத்தவர் பக்கத்திலேயே இராப்பகலாக உட்கார்ந்திருந்ததும் அவள்தான். உடம்புக் கூறு மட்டுமே காரணம் என்று பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துப் போடுவேன்.

வாசலில் வேப்பிலை கட்டியது மூடநம்பிக்கைதானே?

2020 மார்ச் கடைசியில் எங்கள் தெருவில் வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் இல்லாத வாசல் கிடையாது. இலை காற்றில் வருகிற வைரஸைத் தடுக்காது. அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் அம்மை கண்ட வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வர மாட்டார். அந்த வீட்டார் விசேஷத்துக்கும் துக்கத்துக்கும் போக மாட்டார்கள். தாளிக்க மாட்டார்கள். படுத்தவருக்குத் தனிப் பாய், தனி டம்ளர். தண்ணீர் ஊற்றி முடியும்வரை இத்தனையும் நடக்கும், அரசாங்க ஆணை எதுவும் இல்லாமல். நடத்துகிறது யார்? வீட்டுக் கிழவி. எங்கள் மாமியாரிடம் "தனிமைப்படுத்துதல்" என்று ஒலிபெருக்கியில் சொன்னதை விளக்கப் போனேன். "அம்மை போட்ட வீடு மாதிரி இருக்கணும், அவ்வளவுதான?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை இடிக்கப் போய்விட்டார். ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகப் போனவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் பாதி வேலை மிச்சம். ஊரில் ஏற்கெனவே இருந்த அறிவை விட்டுவிட்டுப் புதுச் சொல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள் என்பது என் மனக்குறை.

வெளிநாட்டிலிருந்து வந்த ஆண்களை வீட்டில் ஒதுக்கியது யார்?

கீழக்கரை, தொண்டிப் பக்கம் ஆண்கள் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பது தலைமுறை வழக்கம். 2020 மே 7 முதல் மீட்பு விமானங்கள் வந்தன. கீழக்கரை முஸ்லிம் வீடுகளில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். வீடு பெண் பெயரில் இருக்கும். ஆகவே வந்தவருக்கு எந்த அறை, யார் சாப்பாடு வைப்பது, எத்தனை நாள் என்று முடிவு செய்தது அவர் மனைவியும் மாமியாரும். எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா (அக்கா), இரண்டு வருடம் கழித்து வந்த தன் கணவருக்கு மாடி அறையைக் கொடுத்து, பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்திக் கையாட்ட வைத்தார். "மனசு கேக்கலதான், ஆனா உம்மாவுக்கு சுகர் இருக்கே" என்றார். முடிவெடுக்கும் அதிகாரமும் பார்த்துக்கொள்ளும் வேலையும் ஒரே ஆளிடம் இருந்த வீடுகளில் ஒதுங்கல் சண்டையில்லாமல் நடந்தது. எங்கள் தீவுப் பக்கம் வேலை பெண்ணிடம், அதிகாரம் வேறு இடத்தில்.

இந்தக் கடற்கரைக்கு ஒதுக்கிவைத்தல் புதிதும் அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஆள்களைக் கப்பலேற்றும் முன் நிறுத்தி வைத்துச் சோதித்த இடம்தான் மண்டபம் கேம்ப். ஆண், பெண், கைப்பிள்ளை எல்லாரும் காலரா, அம்மை இல்லை என்று தெரிந்த பிறகே கடல் தாண்டினார்கள். இன்றைக்கு அந்த ஸ்டேஷன் பெயரைச் சொல்கிற பாதிப் பேருக்கு எதற்கு அந்த "கேம்ப்" என்று தெரியாது.

தடுப்பூசிக்கு யார் தயங்கினார்கள்?

முதலில் பெண்கள், பிறகு ஆண்கள், அப்புறம் இரண்டு பேரும்.

2021 ஜனவரி 16-ல் தொடங்கியது. மே 1 முதல் 18 வயதுக்கு மேல் எல்லாருக்கும். ஆரம்ப மாதங்களில் நாடு முழுவதும் ஆண்களைவிடக் குறைந்த பெண்களுக்கே ஊசி போய்ச் சேர்ந்தது. பதிவு கைப்பேசி வழியாக. இணையம் பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒரு பங்கு, ஆண்கள் 57 சதவீதம் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. "அவருட்ட போன் இருக்கு, அவரு கடல்ல இருக்காரு" என்று சொல்லிக்கொண்டு ஓ.டி.பி. வராமல் திரும்பிப் போன பெண்களை நானே பார்த்தேன். ஊசி போட்டால் மாதவிலக்கு நின்றுவிடும், பிள்ளை தங்காது என்ற வதந்தி வேறு. பிள்ளைப் பேற்றைப் பாதிக்காது. மாதவிலக்கைப் பற்றிப் பெண்கள் சொன்னது முழுக்கப் பொய்யும் அல்ல: பிறகு ஆராய்ந்ததில், சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போவதும், அடுத்த மாதங்களில் பழையபடி ஆவதும் தெரிந்தது. முதலிலேயே இதைக் கேட்டுப் பதில் சொல்லியிருந்தால் வதந்தி இவ்வளவு ஊதியிருக்காது. கேட்டவர்களை "அதெல்லாம் ஒன்றுமில்லை, போம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு அனுமதி வந்ததே 2021 ஜூலை 2-ல்தான்.

ஆண்கள் தயங்கிய கதை வேறு. நடிகர் விவேக் ஏப்ரல் 15-ல் ஊசி போட்டு 17-ஆம் தேதி மாரடைப்பில் காலமானார். ஊசிக்கும் அந்த இறப்புக்கும் தொடர்பில்லை என்று நிபுணர் குழு பிறகு சொன்னது. அதற்குள் படகுத்துறையில் பேச்சு பரவிவிட்டது. இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: ஊசி போட்டால் இத்தனை நாள் சரக்கு அடிக்கக் கூடாதாமே! என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் பலர்.

செப்டம்பர் 12 முதல் நடந்த மெகா முகாம்களில் நிலைமை மாறியது. ஊருக்குள்ளேயே மேசை போட்டார்கள். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி அக்கா, மகளிர் குழுத் தலைவி மூவரும் வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டி வந்தார்கள். அந்தப் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைக் கூட்டி வந்தார்கள், சிலரைச் சட்டையைப் பிடித்து.

பிழைப்பு போனதில் வித்தியாசம் உண்டா?

உண்டு, இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசினார்கள். 2020 ஏப்ரல் 10-ல் மீன்பிடிக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அந்த வருடத் தடைக்காலத்தையும் 47 நாளாகக் குறைத்தார்கள். நல்ல காரியம். ஆனால் பிடித்த மீனைக் கூடையில் தூக்கிப்போய் விற்கிறது பெண்கள். பஸ் இல்லை. ஏலத்தில் கூட்டம் கூடக் கூடாது என்றதும் மொத்த வியாபாரி மட்டும் உள்ளே போனார், கூடைக்காரி கயிற்றுக்கு வெளியே நின்றாள். படகுக்குப் போன ஆளுக்கு வேலை திரும்பியது, கரையில் அதே மீனை நம்பியிருந்த கைகளுக்குத் திரும்பவில்லை.

கடல்பாசி எடுக்கிற பெண்களைச் சொல்லவே வேண்டாம். விரலில் துணியைச் சுற்றி, சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறவர்கள். தண்ணீருக்குள் எந்த முகக்கவசம்? ஒரே வத்தையில் (சின்னப் படகில்) நெருக்கியடித்துத்தான் போக முடியும். பறித்துக் காய வைத்தாலும் எடுக்க வியாபாரி வரவில்லை. சாக்கு மூட்டை திண்ணையில் கிடந்தது. ஒருத்தி என்னிடம் கடனுக்கு விரல் வெடிப்புக்குக் களிம்பு வாங்கிக்கொண்டு, "கடலுக்குப் போகாம இருந்தா விரல் ஆறிரும், வயிறு ஆறாது" என்றாள்.

நடுவில் ஒரு கூத்து: சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம் என்று 2021 மே 8-ல் தொடங்கினார்கள். மே 10-ல் முழு ஊரடங்கு, பஸ்ஸே நின்றது.

மதுக்கடை மூடியிருந்ததை யார் கொண்டாடினார்கள்?

யார் என்று நான் சொல்ல வேண்டுமா? 2020 மார்ச் 24-லிருந்து மே முதல் வாரம்வரை மூடியிருந்தது. "நாப்பது நாள் அடி இல்லாம தூங்குனேன்" என்று கடையில் ஒரு பெண் சாதாரணமாகச் சொன்னாள், காய்கறி விலை சொல்கிற குரலில். மே 7-ல் திறந்தார்கள், உயர் நீதிமன்றம் அடுத்த நாளே மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க 16-ல் மறுபடி திறந்தது.

ஆனால் குடி இல்லாத வீட்டிலும் பூட்டிய கதவுக்குள் கை நீண்டது. கூப்பிட 181 இருந்தது, 1091 இருந்தது. ஒரே போன், அதுவும் அவர் பையில். மருந்து வாங்க வருகிறேன் என்று சொல்லி என் கடைக்கு வந்து, என் போனில் பேசிவிட்டுப் போனவர்கள் உண்டு. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

வாட்ஸ்அப் வதந்தியைப் பரப்பியது யார்?

இதில் சமத்துவம்.

அடுத்த தடவை வந்தால் எங்கள் ஊரில் என்ன செய்யலாம்?

அறிவிப்பைப் படகுத்துறையிலும் தேநீர்க் கடையிலும் மட்டும் ஒட்டாதீர்கள். தண்ணீர்க் குழாய், ரேஷன் கடை, பாசி காயப்போடும் இடம், நண்டு கம்பெனி வாசல், இங்கெல்லாம் சொல்லுங்கள். ஆண்களிடம் சொல்லும்போது எண்ணாகச் சொல்லுங்கள்: காய்ச்சல் எத்தனை நாள், ஆக்சிஜன் எவ்வளவு, எந்த அளவில் 108-ஐ அழைப்பது. சந்தேகம் கேட்க 104. சம்மாட்டி சொன்னால் படகில் எட்டுப் பேரும் கேட்பார்கள், ஆகவே முதலில் சம்மாட்டியைப் பிடியுங்கள்.

பெண்களிடம் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. அவர்களுக்கு வேண்டியது மாற்று ஆள். ஒரு வீட்டில் பெண் படுத்தால் அந்த வீட்டுக்குச் சோறு எங்கிருந்து வரும் என்று ஊர்க்கூட்டத்தில் முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். 2021-ல் சில தெருக்களில் மகளிர் குழுக்கள் முறைவைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள். அந்த முறையில் ஒரு ஆண் பெயர்கூட இல்லை. கடலில் படகுக்குள் மீன்குழம்பு வைப்பது ஆண்கள்தானே? ருசியாகவும் வைப்பார்கள். கரையேறியதும் அந்தக் கைக்கு என்ன ஆகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது முகக்கவசம் யாராவது வாங்குகிறார்களா?

மாதம் ஒரு பெட்டி போகும். நண்டு கம்பெனிக்குப் போகிற பெண்கள், ராமேஸ்வரம் வருகிற வடநாட்டு யாத்ரீகர்கள், டிபி மருந்து சாப்பிடுகிற இரண்டு பேர்.

போன வாரம் அந்த 94 சம்மாட்டி வந்தார். மதினிக்கு மூன்று நாளாக இருமலாம், காய்ச்சலாம். இரண்டு முகக்கவசம் கேட்டார், அவருக்கு ஒன்று, மதினிக்கு ஒன்று. மூன்று நாள் ஆயிற்று என்றால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்றேன். சாயங்காலம் போகிறோம் என்றார். "அதுவரைக்கும் கஞ்சி யாரு வைக்கிறது?" என்று கேட்டேன்.

"நான்தான். குக்கர்ல எத்தன விசில் விடணும்னு நீ சொல்லு."

நான்கு என்று சொன்னேன். ஆக்சிமீட்டருக்கு பேட்டரியும் வாங்கிக்கொண்டு போனார்.